குடைக்காரி கொடுக்காத புகார்

கடித்தது அவளைத்தான். ஆகையால் அந்தக் கடல் சிங்கத்தைச் சுடுவதா வேண்டாமா என்று ஊர் கூடிப் பேசும்போது, அதில் தனக்கும் ஒரு வாய் உண்டு என்று அவள் நினைத்தாள். ஊர் அப்படி நினைக்கவில்லை. கடிபட்டவள் கட்டிலில் கிடக்கட்டும், கேட்டதற்குத் தலையாட்டினால் போதும் என்று நினைத்தது. தலையாட்டுவதுதான் அவளுக்குப் பிறந்ததிலிருந்து வராத வேலை.

கரையில் எல்லோருக்கும் அவள் குடைக்காரி. மணலுக்கு இறங்கும் படிக்கட்டின் மேல்முனையில் அவளுடைய கடை, ஒரே அறை. பாதி அறையைப் பழைய கனத்த தையல் மெஷின் ஒன்று அடைத்துக்கொண்டிருக்கும். மீதியில் கேன்வாஸ் சுருள்கள், உப்புக்காற்றில் துருவேறிய கம்பிகள், மெழுகு பூசிய நூல்கண்டுகள். வெயிலுக்கு மணலில் நட்டுவைக்கும் பெரிய குடைகளைத் தானே தைத்துத் தானே வாடகைக்கு விடுவாள். குடையைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நழுவப் பார்த்தால் விடமாட்டாள். "காத்துக் கிழிச்சிருந்தா ஓரம் பிசிறடிக்கும். இது உங்க பையன் ஏறி உக்காந்து கிழிஞ்சது. உண்மையச் சொல்லுங்க, திட்ட மாட்டேன்" என்பாள். உண்மையைச் சொன்னபிறகு திட்டுவாள்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இந்த ஊரில் வாயைத் திறந்ததில்லை. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அவளுக்கு வலிப்பு உண்டு. அவளுடைய அம்மா அந்தப் பெயரைச் சொல்லவே மாட்டாள். மயக்கம் என்பாள், அதையும் குரலைத் தாழ்த்தித்தான். ஒருநாள் வகுப்பிலேயே விழுந்தாள். கண் திறந்தபோது பெஞ்சுகளெல்லாம் சுவரோரமாகத் தள்ளப்பட்டிருந்தன. நடுவில் அவள் மட்டும் கிடந்தாள். அதற்கப்புறம் அவள் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. படிப்பை விட்டுவிட்டுக் கூடாரம் தைக்கும் பட்டறையில் சேர்ந்தாள். அங்கே மெஷின்மேலேயே சாய்ந்துவிட்டாள். முதலாளி கெட்டவர் இல்லை. "உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?" என்று கையைப் பிசைந்துகொண்டே அனுப்பிவைத்தார். அவள் வெறுங்கையோடு போகவில்லை. ஓடாது என்று ஓரங்கட்டி வைத்திருந்த மெஷின் ஒன்றை அடம்பிடித்துக் கேட்டு வாங்கி, வண்டியில் ஏற்றிக்கொண்டு, தன்னை யாருக்கும் தெரியாத இந்தக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தாள். இங்கே யாரிடமும் சொல்லப்போவதில்லை என்று வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டாள்.

ஒரே ஒருவருக்குச் சொல்லாமலே தெரிந்துபோயிற்று. அவர் படகு எஞ்சின் பழுது பார்க்கும் மெக்கானிக். தையல் மெஷினின் மோட்டாரைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தாள். அவர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே இவள் விழுந்தாள். மனிதர் பதறிப்போய், பல் கிட்டிக்கொள்ளக் கூடாது என்று யாரோ எப்போதோ சொன்னதை நம்பி வாய்க்குள் விரலை விட்டார். எலும்பு தெரியக் கடித்துவிட்டாள். மறுநாள் கட்டுப்போட்ட கையோடு வாசலில் வந்து நின்றார்.

"எதுக்கு வந்தீங்க?" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

"மோட்டார் அப்படியே பிரிச்சுக் கெடக்குதே."

கல்யாணத்துக்கு அப்புறம் அவர் அடிக்கடி சொல்வார்: "மோதிரம் போடறதுக்கு முன்னாடியே என் விரல்ல அடையாளம் போட்டுட்டா." ஏன், எப்படி என்று கேட்பவர்களுக்கு எஞ்சின் பெல்ட்டில் மாட்டிக்கொண்டதாகக் கதை விடுவார். மாத்திரை தவறாமல் போட்டதில் வலிப்பு வருவது நின்று பல வருஷம் ஆகியிருந்தது. அதைப் பற்றிய பேச்சும் நின்றுபோயிருந்தது.

அந்த வருஷம் கோடை தொடங்கும்போதே கடல் நிறம் மாறியது. ஆறிப்போன தேநீர் மாதிரி ஒரு பழுப்பு, கரைநெடுக. அலை உடையும் இடத்தில் நுரைகூட வெள்ளையாக இல்லை. கடல் சிங்கங்கள் வழக்கமாக வளைகுடாவின் கோடியிலுள்ள பாறைகளில் கூட்டமாகக் கிடந்து, நாளெல்லாம் ஒன்றையொன்று திட்டிக்கொள்வதுபோலக் கத்தும்; மனிதர்கள் பக்கம் எட்டிப் பார்க்காது. அந்தக் கோடையில் அவை ஒவ்வொன்றாக ஆட்கள் குளிக்கும் கரைக்கே வந்தன. வந்தவை தலையை வட்டமாகச் சுழற்றிக்கொண்டே இருந்தன, இல்லாத ஈயைத் துரத்துவதுபோல. சில நடைபாதையைத் தாண்டிச் சாலைக்கே போயின. சில மணலிலேயே செத்தன. பெரிய அலகுள்ள கடல் பறவைகளும் பறந்துகொண்டிருக்கும்போதே தடுமாறிக் கார் கண்ணாடிகளில் வந்து மோதின. விடுமுறைக்கு வந்தவர்கள் முதலில் படம் எடுத்தார்கள். அப்புறம் பயந்தார்கள். பைத்தியம் பிடித்துவிட்டது, வெறி பிடித்துவிட்டது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

குடைக்காரியைக் கடித்த நாளில் காற்று பலமாக அடித்தது. ஒரு குடை பிடுங்கிக்கொண்டு உருண்டு போய், கரையின் ஓரத்துப் பாறைக்குப் பின்னால் விழுந்தது. துரத்திக்கொண்டு ஓடினாள். அங்கே ஒரு பெண் கடல் சிங்கம், வயிறு பெருத்தது, குடைத் துணியின் மேலேயே கிடந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் கழுத்து பின்னோக்கி வளைந்தது. துடுப்புக் கைகள் இரண்டும் விறைத்து நடுங்கின. வாயில் நுரை தள்ளியது. கண் எங்கேயோ செருகிக்கொண்டது. தனக்கு அது வரும்போது எப்படி இருக்கும் என்று அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. யாரும் தன்னைத்தானே அப்படிப் பார்க்க முடியாது. இப்போது பார்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கியது. தூங்குவதுபோல் கிடந்தது. அப்போதாவது அவள் விலகிப் போயிருக்கலாம். குனிந்து குடைக் கம்பியைப் பிடித்து இழுத்தாள். அது கண்ணைத் திறந்து, யாரென்றும் எவரென்றும் பார்க்காமல், அவள் தொடையைக் கவ்வியது.

ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தவர் ஊர்த் தலைவர். கரையோரத்துப் பெரிய விடுதி அவருடையதுதான். பழக்கூடையோடு வந்தார், பின்னாலேயே டி.வி. கேமராவோடு ஒரு பெண்ணும் வந்தாள்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா. இந்த வெறி பிடிச்ச மிருகங்களால எங்க உயிருக்கு ஆபத்து, கரைக்கு வர்றதையெல்லாம் சுடணும்னு புகார் குடுங்க. மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

"வெறின்னு யார் சொன்னா?"

"கடிச்சுருக்கே."

"மெதிச்சா எதுவும் கடிக்கும். நான் கம்பியப் புடிச்சு இழுத்தேன்."

தலைவர் கேமராக்காரியைப் பார்த்து, இதை எடுக்காதே என்பதுபோல் கையை அசைத்தார். "நீங்க மருந்து மயக்கத்துல இருக்கீங்க. அப்புறம் பேசலாம்."

"தெளிஞ்சப்புறமும் இதேதான் சொல்லுவேன். பழத்த வெச்சுட்டுப் போங்க, நல்லா இருக்கு."

அடுத்து வந்தவள் பக்கத்து ஊர் விலங்குக் காப்பகத்தின் மருத்துவர். சின்ன வயசு. தூங்கிப் பல நாள் ஆனவள் மாதிரி கண்கள் சிவந்திருந்தன. சட்டையெல்லாம் மீன் வாடை. காயத்தைப் பற்றி விசாரித்துவிட்டு, கடித்தது எப்படி இருந்தது என்று கேட்டாள். குடைக்காரி ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அது வெறி இல்லக்கா. செத்துக் கெடந்ததுங்களோட மூளையச் சோதிச்சுப் பாத்தாச்சு. வெறிநோய் சுத்தமா இல்ல. தண்ணி நெறம் மாறியிருக்குதுல்ல, அது ஒரு பாசி. கண்ணுக்கே தெரியாது, அவ்வளவு சின்னது. கோடிக்கணக்குல பெருகிடுச்சு. நெத்திலியும் மத்தியும் அதத் தின்னுது. மீனுக்கு ஒண்ணும் ஆகறதில்ல, விஷம் அது வயித்துல தங்கிடுது. இதுங்க அந்த மீனத்தான் வயிறு முட்டத் தின்னுது. விஷம் நேரா மூளைக்குப் போய் வலிப்பக் கொண்டுவருது."

"பொழைக்குமா?"

"சிலது பொழைக்கும். சீக்கிரம் தூக்கிட்டுப் போயி மருந்து குடுத்தா. எங்ககிட்ட வண்டி ஒண்ணே ஒண்ணு. நாங்க வர்ற வரைக்கும் நிழல் வேணும், சத்தம் கூடாது, யாரும் கிட்டப் போகக் கூடாது. இங்க அதுக்கு நேர்மாறா நடக்குது. தலைவர்கிட்டச் சொன்னேன். விஷம்னு சொன்னா மீன் பிடிக்கத் தடை வரும், சிப்பி விக்க முடியாது, விடுதி காலியாகும்னு அவருக்குத் தெரியும். வெறின்னா துப்பாக்கியோட முடிஞ்சுபோச்சு."

"என்ன மருந்து குடுப்பீங்க?"

மருத்துவர் ஒரு பெயரைச் சொன்னாள். அவள் தினமும் காலையில் முழுங்கும் மாத்திரையின் பெயர். குடைக்காரி போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு சன்னலைப் பார்த்தாள்.

புகார் இல்லாமலே ஊர் மன்றம் முடிவெடுத்துவிட்டது. சேதியைக் கொண்டுவந்தவர் வீட்டுக்காரர்தான்.

"இன்னைக்கே சுடப்போறாங்களாம். உன்னக் கடிச்சது இன்னும் அந்தப் பாறைகிட்டதான் கெடக்குது."

அவள் கட்டிலிலிருந்து காலைக் கீழே இறக்கினாள்.

"எங்க கெளம்பற?"

"கடைக்கு."

"கடைல என்ன இருக்கு?"

"குடை."

அவருக்குப் புரிந்துவிட்டது. கோபம் வந்தது. "காலப் பாரு, உன் காலப் பாரு. தையல் பிரிஞ்சா என்ன பண்ணுவ?"

"பிரிஞ்சா நானே தைச்சுக்கறேன். என் பொழப்பே அதானே."

"ஊரோட பகைச்சுக்கிட்டு யாருக்கும்மா நாளைக்குக் குடை வாடகைக்கு விடப்போற? எக்கேடோ கெட்டுப் போ." கதவை அறைந்து சாத்திக்கொண்டு போய்விட்டார்.

குடை ஏற்றும் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டால் நடக்க முடிந்தது. வண்டி கைத்தடியும் ஆயிற்று. மணலில் சக்கரம் புதைந்த இடத்தில், விடுமுறைக்கு வந்திருந்த யாரோ ஒரு தம்பதி தள்ளிவிட்டார்கள். எதற்கு என்று கேட்கவில்லை. பாறையைச் சுற்றித் தள்ளித் தள்ளிக் குடைகளை நட்டாள். நிமிர்த்தி அல்ல, சாய்த்து. துணிப்பக்கம் கூட்டத்தைப் பார்க்க. இருந்த குடைகளையெல்லாம் நட்டபோது உள்ளே நிழலும் வந்தது, வெளியிலிருந்து பார்க்கவும் ஒன்றும் தெரியாமல் போயிற்று. ஒரு பக்கம் மட்டும் மறைக்கக் குடை போதவில்லை. அந்த இடைவெளியில் அவளே உட்கார்ந்துகொண்டாள், கட்டுப்போட்ட காலை நீட்டி.

துப்பாக்கியோடு வந்த காவலர் அவளை அங்கே எதிர்பார்க்கவில்லை.

"எழுந்திரிங்கக்கா. எனக்கு உத்தரவு."

"எனக்குக் கால் வலி. எழுந்திரிக்க முடியாது."

"வந்தீங்கல்ல?"

"வந்ததாலதான் வலி."

காவலர் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே பார்க்கப் பிடித்துக்கொண்டு, யாராவது வந்து தன்னைக் காப்பாற்ற மாட்டார்களா என்று சாலையைப் பார்த்தார். தலைவர் வந்தார். பின்னாலேயே பாதி ஊர் வந்தது: சிப்பி விற்பவர்கள், படகுக்காரர்கள், விடுதி ஆட்கள், அந்தக் கேமராக்காரி. கடையை மூட வைப்பேன், கரையில் குடை போட உரிமம் கிடைக்காது என்று தலைவர் சொல்ல, அவள் சரி சரி என்று கேட்டுக்கொண்டாள்.

அப்போது குடைகளுக்குப் பின்னால் மறுபடியும் தொடங்கியது. மணலை அறையும் சத்தம். தொண்டைக்குள்ளிருந்து வரும் ஒரு கரகரப்பு. கூட்டம் பின்வாங்கியது. பார்த்தீர்களா வெறியை என்று யாரோ கத்தினார்கள்.

"அது வெறி இல்ல" என்றாள் குடைக்காரி. உட்கார்ந்தபடியே சொன்னாலும் கரை முழுக்கக் கேட்டது. "வலிப்பு. பேரச் சொல்லித்தான் சொல்லுங்களேன், வாய் வெந்துடாது. எனக்கும் இருக்கு. சின்ன வயசிலேர்ந்து இருக்கு. விழுந்தா இப்படித்தான் அடிச்சுக்குவேன், இப்படித்தான் நுரை தள்ளும். முழிக்கும்போது யாரு என்னன்னு தெரியாது. என் வீட்டுக்காரர் விரல்ல இருக்கே, அது எஞ்சின் கடிச்சது இல்ல. நான் கடிச்சது. என்னைய என்ன பண்ணப்போறீங்க? என்னையும் சுடுவீங்களா?"

சொல்லிவிட்டாள். இவ்வளவு வருஷம் பூட்டி வைத்ததைச் சொன்னபிறகு நெஞ்சு லேசாகும் என்பார்கள். அவளுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. கோபம்தான் இன்னும் கூடியது. கூட்டத்தில் ஒருத்தி தன் பிள்ளையை அருகில் இழுத்துக்கொண்டதைக் கண்டாள். அன்று மயக்கத்தில் கேட்காத அந்தப் பள்ளிக்கூடத்து பெஞ்சுகள் நகரும் சத்தம் இப்போது காதில் கேட்டது.

அந்த நேரத்தில் மெக்கானிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் ஒரு மடக்கு நாற்காலி.

"நல்லவேளை வந்தீங்க" என்றார் தலைவர். "கூட்டிட்டுப் போங்க. உடம்பு சரியில்லாதவங்க."

"ஆமா சார். காலைல மாத்திரை போடாமலே கெளம்பிட்டா." சட்டைப் பையிலிருந்து மாத்திரையையும் தண்ணீர்ப் பாட்டிலையும் எடுத்துக் கொடுத்தார். நாற்காலியை விரித்து அந்த இடைவெளியிலேயே போட்டு, அவளைத் தூக்கி உட்கார வைத்தார். பக்கத்தில் மணலில் தானும் உட்கார்ந்துகொண்டார். இடைவெளி முழுக்க அடைபட்டுப்போயிற்று.

"எக்கேடோ கெட்டுப் போன்னீங்க?" என்றாள் மெதுவாக.

"அதத்தான் பாக்க வந்தேன்."

காவலர் துப்பாக்கியிலிருந்து குண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். கணவன் மனைவி இருவர் நடுவே குறிபார்க்கத் தனக்குக் கை வராது என்று தலைவரிடம் சொன்னார். பொழுது சாய்வதற்குள் காப்பகத்து வண்டி வந்தது. வலையும் பலகையுமாக இறங்கிய மருத்துவர், குடைகளுக்கிடையே குனிந்து உள்ளே போனாள்.

கேமராக்காரி அன்று எல்லாவற்றையும் எடுத்திருந்தாள். ஒளிபரப்பான பிறகு சுகாதாரத் துறை வந்து மீனையும் சிப்பியையும் சோதித்தது. விஷம் உறுதியானது, மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. ஒரு கடல் சிங்கத்தையும் யாரும் சுடவில்லை. ஆனால் அந்தக் கோடையில் ஊருக்கு வியாபாரம் இல்லை. சிப்பி விற்பவர்களில் பாதிப்பேர் அவளோடு பேசுவதை விட்டார்கள். ஒரு நாள் கடைக் கதவில் யாரோ அழுகிய மீனை வைத்துத் தேய்த்திருந்தார்கள். சோப்பு போட்டுக் கழுவிவிட்டுக் கடையைத் திறந்தாள்.

அவளைக் கடித்தது பிழைக்கவில்லை. குட்டி வயிற்றிலேயே செத்திருந்தது. தாய் சில வாரங்கள் போராடிவிட்டுப் போயிற்று. மற்றவை சில தேறிக் கடலுக்குத் திரும்பின. படகுக்காரர் ஒருவர் படிக்கட்டில் அவளை மடக்கி, "கடைசில செத்துத்தானே போச்சு, எதுக்கு அவ்வளவு ஆட்டம்?" என்று கேட்டார்.

"நெழல்ல, மருந்தோட, பக்கத்துல ஆளோட செத்துச்சு. நீங்க சாகும்போது அது போதும்னு தோணும் உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள். வீட்டுக்குப் போய் அழுதாள். அதைப் படகுக்காரர் பார்க்கவில்லை.

உரிமம் புதுப்பிக்கும் நாள் வந்தபோது மன்றத்தில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். இந்த மாதிரி நோய் உள்ளவர் பொது இடத்தில் தொழில் செய்வது பற்றிச் சிலருக்குக் கவலை இருப்பதாகச் சொன்னார்.

"எந்த மாதிரி நோய்?"

"அதான்... அந்த மயக்கம்."

"வலிப்பு. அதுக்காகத்தான் குடுக்கலேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வாங்கிட்டுப் போறேன்."

எழுதித்தர யாரும் தயாராக இல்லை. உரிமம் கிடைத்தது. குடை போடும் இடம் மட்டும் மாறியது: கரையின் வால்முனை, சாக்கடைக் குழாய் கடலில் விழும் இடம். வேண்டுமென்றே கொடுத்தார்கள். அவள் மறுக்கவில்லை.

அங்கே குடை போட வருகிறவர்கள் குறைவு. உட்கார்ந்து தைத்துக்கொண்டே குழாயைப் பார்க்க நிறைய நேரம் இருந்தது. விடுதியின் சலவை நுரையும், புல்தரைக்குப் போட்ட உரத்தின் கழிவும் அதில்தான் வந்து விழுந்தன. இதைத் தின்றுதான் பாசி பெருகுகிறதா என்று மருத்துவரைக் கேட்டாள்.

"இது மட்டும்தான்னு சொல்ல முடியாதுக்கா. கடல்ல வேற காரணங்களும் இருக்கு. ஆனா இதுவும் ஒரு கை குடுக்குது."

"ஒரு கைய வெட்டினாப் போதும் எனக்கு."

அன்றே சிவப்புக் கேன்வாஸில் எழுத்துகளை வெட்டி ஒரு குடையின் மேல் தைத்தாள்: இந்தத் தண்ணி எங்கிருந்து வருது? பிறகு இன்னொரு குடை. பிறகு எல்லாக் குடைகளிலும். தலைவரின் ஆள் வந்து எடுக்கச் சொன்னான். குடையில் எழுதக் கூடாது என்று எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டாள். பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவன் இன்னும் வரவில்லை. குழாயும் இன்னும் அடைபடவில்லை. ஆனால் குடைக்கு ஆள் வரத் தொடங்கிவிட்டார்கள். உட்கார்ந்தவர்கள் திரும்பிக் குழாயைப் பார்க்கிறார்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு அவளிடம் கேட்கிறார்கள். அவளும் நிதானமாக, ஒன்றுவிடாமல் சொல்கிறாள்.

போன வாரம் எழுத்துகளைப் பிரித்துவிட்டு இன்னும் பெரிதாக வெட்ட உட்கார்ந்தாள். மெக்கானிக் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுவே படகுலேர்ந்து பாத்தா நல்லாத் தெரியுதே."

"படகுலேர்ந்து யாருக்கு வேணும்? விடுதி மேல்மாடிலேர்ந்து தெரியணும். போய் ஏறிப் பாத்துட்டு வந்து அளவு சொல்லுங்க."

அவர் பெருமூச்சு விட்டு, செருப்பைத் தேடினார்.